மூத்தாள் மகள்

அமரர் கல்கியின் 'அலை ஓசை'யைப் படித்தோர் பெரும்பாலும் சீதாவின் பொருட்டே இரங்குவர். நாம் தாரிணியின் பொருட்டு ஒரு வார்த்தை சொல்லப் புகுந்தோம். 1948, 1949-ஆம் ஆண்டுகளில் 'கல்கி' இதழில் தொடர்ந்து வெளிவந்து, ஆசிரியர் மறைந்த பின்னர் 1956-இல் சாகித்திய அகாதெமிப் பரிசு பெற்ற இந்நாவலில், தாரிணியும் சீதாவும் துரைசாமி ஐயர் என்னும் ஒரே தந்தையின் மக்கள், தாயர் வேறு. மூத்தவள் தாரிணி. இவ்வுண்மை கதையின் பிற்பகுதியிலேதான் வெளிப்படுகின்றது.

அதற்கு முன்னரே முடிச்சு விழுந்துவிடுகின்றது. சௌந்தரராகவன் முதலில் நேசித்தது தாரிணியை. லலிதாவைப் பெண் பார்க்க வந்தவிடத்து அவன் விரும்பி மணந்ததோ சீதாவை. தாரிணி, 1934-இல் பீஹாரை அழித்த பூகம்பத்தில் துயருற்றோர்க்குத் தொண்டு செய்யச் சென்றவள். முன்பின் அறியாதார்க்கு இரங்குதல் எளிதென்று நாம் சொல்லவில்லை. ஆயினும், தனக்குரியதென எண்ணியிருந்த இடத்தில் வந்தமர்ந்தவளிடத்து, அவள் தன்னை ஐயுற்றுப் பொறாமை கொண்ட போதும் இரங்குதல் அதனினும் அரிதன்றோ? உறவை அறிந்து பிறந்த அன்பன்று அது. அன்பு முந்திற்று, உறவு பிந்திற்று.

ஆசிரியர்பால் நமக்கொரு குறையுண்டு. சீதாவின் மனத்தைத் திறந்து காட்டியவர், அடக்கமே உருவான இவளுடைய உள்ளம் கனிந்த வகையை அவ்வளவு விரித்தாரல்லர். சிறிது குற்றமுடையவளாய்ப் படைத்திருந்தால் 'நம் வீட்டுப் பெண்' என்றிருப்போம்.

நம் பக்கத்தில் மூத்தகுடி, இளையகுடி என்று வீட்டுக்குள்ளேயே வேலி கட்டும் வழக்கம் உண்டு. மாஞ்சோலையை எண்ணிப் பாருங்கள். சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து 1929-இல் 99 ஆண்டுக் குத்தகையாகப் பெற்ற காட்டில் எழுந்த தேயிலைத் தோட்டத்தில், 2024-இல் வேலை நின்றது. தலைமுறை தலைமுறையாக அங்கே கொழுந்து பறித்தோர் பலர் மலையிறங்க நேர்ந்தது. சர்க்காரும் நியாயஸ்தலமும் விடை கூறுமுன், இன்றிரவு யார் வீட்டில் என்னும் கேள்வி முன்னிற்கின்றது. கதவைத் திறக்க வேண்டியவள் சிலவிடத்து மூத்தாள் மகளாயிருத்தல் கூடும். பழங்கணக்கை அவளுக்கு நினைவூட்ட ஊரில் ஆள் உண்டு. அவளோ ஒன்றும் பேசாது பாயை விரித்துவிட்டு உலை வைக்கச் செல்வாள். "முகங்கொடுத்து ஒரு வார்த்தை பேசினாளா?" என்று வந்தவர்களே குறை கூறினும் கூறுவர். தாரிணியைப் படித்தவர் அப்படிக் கூறார்.