மழையில் கொழுந்து எடுப்பவருக்கு என்ன உடுப்பு?

மே மாதக் கடைசியில் தென்மேற்குப் பருவமழை இறங்கிவிட்டால், இலங்கை மலைநாட்டின் டயகமவில் வெயில் கண்ட நாட்களை எண்ணிவிடலாம். ஹோர்ட்டன் சமவெளியின் அடிவாரத்தில் இருக்கும் இந்தத் தேயிலைத் தோட்டங்களில் மழைக்காக வேலை நிற்பதில்லை. காலையில் வேலைப் பதிவு நடக்கும் பெரட்டில் பேர் கொடுத்துவிட்டு மலை ஏறத்தான் வேண்டும். பெண்கள் இடுப்பில் படங்கு கட்டி, தலையையும் முதுகையும் பொலித்தீனால் மூடிக்கொண்டு நிரையில் இறங்குகிறார்கள். அப்படியும் சில மணி நேரத்துக்குள் உள்ளுடுப்பு வரை ஈரம். இது மலைநாட்டு வேலையின் விதி என்று பலரும் நினைத்துவிட்டார்கள். அது விதி அல்ல, தீர்க்கக்கூடிய தையல் சிக்கல். இதே சிக்கலை வேறு நாடுகளில், வேறொரு தேவைக்காக ஏற்கெனவே தீர்த்திருக்கிறார்கள்.

சுவிட்சர்லாந்திலும் கனடாவிலும் ஆழ்பனியில் பலகையில் சறுக்குபவர்கள், மார்புவரை உயர்ந்து தோள்பட்டியில் தொங்கும் நீர்புகாக் காற்சட்டை அணிகிறார்கள். சாதாரணக் காற்சட்டை இடுப்போடு முடிந்துவிடும். ஆழ்பனியில் விழுந்தால் மேற்சட்டைக்கும் காற்சட்டைக்கும் நடுவிலுள்ள இடைவெளியால் பனி உள்ளே போய்விடும். மார்புத்துண்டு அந்த இடைவெளியை அடைக்கிறது. அவர்களை நனைப்பது பெரும்பாலும் வானத்திலிருந்து விழுவது அல்ல, இடுப்பளவில் சூழ்ந்து கிடக்கும் பனி.

கொழுந்து எடுப்பவரின் நிலையும் இதேதான். தேயிலைச் செடி இடுப்பளவு உயரம். ஒவ்வொரு இலையும் தண்ணீரை ஏந்தி நிற்கிறது. செடிகளுக்கு நடுவே புகுந்து, முன்சாய்ந்து இரண்டு கையாலும் பறிக்கும்போது தொடை முதல் மார்பு வரை ஈரச் செடியில் அழுந்துகிறது. தலைக்குப் பொலித்தீன் இருக்கிறது, இடுப்புக்குப் படங்கு இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில், அதிகம் நனையும் வயிறும் மார்பும்தான் காவலின்றி இருக்கின்றன.

அடுத்தது, பொலித்தீன் ஒழுகுகிறது என்ற எண்ணம். கிழியாத பொலித்தீன் ஒழுகாது. தண்ணீரைத் தடுப்பதில் விலையுயர்ந்த பனிக் காற்சட்டைக்கு அது சளைத்ததும் அல்ல. ஆனால் மேடேறி வேலை செய்யும் உடம்பு வேர்க்கிறது. அந்த நீராவி வெளியேற வழியில்லாமல் பொலித்தீனின் உட்புறத்தில் தண்ணீராகிறது. வெளியிலிருந்து வந்ததாகத் தோன்றும் ஈரத்தில் ஒரு பகுதி நம் வேர்வையே. ஈரம் எங்கிருந்து வந்தாலும் குளிர் ஒன்றுதான். தண்ணீர் காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு வேகமாக உடம்புச் சூட்டைக் கடத்திவிடும்.

நீர்புகாத் துணியின் வரலாறே வேர்வையோடு நடந்த போராட்டம்தான். 1823இல் சார்ள்ஸ் மக்கின்டொஷ் இரண்டு துணிகளுக்கு நடுவே இறப்பரை வைத்து ஒட்டும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். மழை நின்றது, வேர்வை உள்ளே தங்கியது. 1969இல் அமெரிக்காவில் பொப் கோர், டெஃப்லோனைச் சட்டென இழுத்தால் நுண்துளைகள் கொண்ட மெல்லிய படலமாகும் என்று கண்டார். கோர்-டெக்ஸ் பிறந்தது அதிலிருந்துதான். நீர்த்துளி நுழைய முடியாத துளைகளின் வழியே நீராவி வெளியேறிவிடும்.

அப்படியானால் அதையே வாங்கிக் கொடுத்துவிடலாமா? இங்கேதான் நிதானம் வேண்டும். உடுப்புக்குள்ளே நீராவி அதிகமாகவும் வெளியே குறைவாகவும் இருந்தால்தான் அந்தப் படலம் நன்றாக வேலை செய்யும். 0 பாகை செல்சியஸ் காற்று தாங்கும் நீராவி, 15 பாகைக் காற்று தாங்குவதில் பாதிக்கும் குறைவு. அதனால் பனிநாட்டில் வேர்வை எளிதாக வெளியேறுகிறது. டயகமவின் மழைநாளில் காற்றே ஈரத்தால் நிறைந்திருக்கிறது. படலம் வேலை செய்யும், ஆனால் கொடுத்த விலைக்கு ஏற்ற அளவில் அல்ல. போதாததற்குக் கவ்வாத்து வெட்டிய கிளைகள் மெல்லிய துணியைக் கிழித்துவிடும். இத்தகைய உடுப்புகளின் வெளிப்பூச்சில் பல காலம் சேர்த்துவந்த, இயற்கையில் எளிதில் அழியாத புளோரின் சேர்மங்களைக் கலிபோர்னியாவும் நியூயோர்க்கும் 2025 முதல் ஆடைகளில் கட்டுப்படுத்தியுள்ளன. உண்ணும் பண்டமான கொழுந்தின்மேல் உரசும் உடுப்புக்கு அவை வேண்டவே வேண்டாம்.

ஆகவே பனிக் காற்சட்டையின் துணியை விட்டுவிட்டு, மார்புவரை உயரும் அதன் வெட்டை மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும். பொலியூரித்தேன் பூசிய உறுதியான நைலோன் போதும். ஊசித்துளை வழியே தண்ணீர் புகுவதால், தையல்களின் உட்புறத்தில் நாடா ஒட்ட வேண்டும். முன்பக்கம் மார்பிலிருந்து முழங்காலுக்குக் கீழ்வரை மறைய வேண்டும். பின்பக்கம் திறந்திருந்தால் வேர்வை காற்றோடு போகும். காற்சட்டை வடிவமும் வேண்டாம், சுற்றிக் கட்டும் வடிவமே நல்லது. மலையில் மலசலகூடம் இல்லாத இடத்தில் முழுக் காற்சட்டையைக் கழற்றி மாட்டுவது பெண்களுக்குப் பெரும் தொல்லை. தோள்பட்டி, கூடைக் கயிற்றோடு சிக்காதபடி முதுகில் குறுக்காகப் போக வேண்டும். பனிக் காற்சட்டையின் கால்முனையில் இருக்கும் இறுக்கமான உள்ளுறையைத் தனியாகத் தைத்துக் கணுக்காலில் மாட்டினால், அட்டை ஏறுவதும் குறையும்.

இனி யார் செலவு செய்வது என்ற கேள்வி. கோப்பிக் காலத்தில் மலையில் மழைக்கு உடுப்பாக இருந்தது கறுப்புக் கம்பளிதான். அதன் விலையும் தொழிலாளியின் பெயரில் கடனாக ஏறியது. அந்த வழக்கத்தின் நிழல் இன்னும் விலகவில்லை. 1942ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் தேயிலைத் தொழிற்சாலைக்குள் இருப்பவரின் பாதுகாப்பைப் பேசுகிறது, மலையில் நிற்பவரை எட்டவில்லை. 2024இல் தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாயாக வர்த்தமானியில் வெளிவந்தது. இப்படிப்பட்ட நாட்சம்பளத்திலிருந்து மழையுடுப்பை வாங்கிக்கொள் என்று சொல்வது நியாயமல்ல. கவ்வாத்துக் கத்தியைப் போல மழையுடுப்பும் வேலைக்கான கருவி. அதைத் தோட்டக் கம்பனி தர வேண்டும்.

தேயிலையைவிட ஆடை ஏற்றுமதியில் அதிக அந்நியச் செலாவணி ஈட்டும் நாடு இது. தைக்கும் கை, இயந்திரம், அறிவு எல்லாம் இங்கேயே இருக்கின்றன. கம்பனிகளும் தொழிற்சங்கங்களும் அடுத்த பேச்சுவார்த்தையில் சம்பளத்தோடு இதையும் ஒரு விடயமாக எழுதிக்கொள்ளட்டும். முதலில் தோட்டத்தின் ஒரு டிவிசனில் சில மாதிரிகளைக் கொடுத்து, ஒரு பருவமழை முழுக்க உடுத்திப் பார்க்கட்டும். எந்த இடம் உரசுகிறது, எங்கே நனைகிறது என்று கொழுந்து எடுக்கும் பெண்கள் சொல்வதைக் கேட்டுத் திருத்திய பிறகே எல்லோருக்கும் தைக்க வேண்டும். அந்த உடுப்பைப் பற்றித் தீர்ப்புச் சொல்லும் உரிமை அவர்களுக்கே உண்டு.