பூ என்று ஒரு பெயர்



சேரன்மகாதேவியிலிருந்து ஒரு வாசகர் கடிதம் போட்டிருக்கிறார். ஆறாம் வகுப்பு படிக்கும் பேரன், "தாத்தா, நம்ம ஊர்ல டைனோசர் இருந்துச்சா?" என்று கேட்டிருக்கிறான். தாத்தாவுக்குப் பதில் தெரியவில்லை. "எல்லாம் தெரிஞ்ச மாதிரிதான மாசாமாசம் எழுதுதீங்க, நீங்களே சொல்லுங்க" என்று என் பக்கம் தள்ளிவிட்டார்.

இருந்திருக்கலாம் அண்ணாச்சி. ஆனால் நம் மலையில் எலும்பு தேட வேண்டாம். எலும்பு கல்லாக வேண்டுமென்றால் சேறும் வண்டலும் படிய வேண்டும். பொதிகைப் பாறைகளோ சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமிக்கடியில் பல கிலோமீட்டர் ஆழத்தில் வெந்து எழுந்தவை. அந்தச் சூளையில் விளைந்த கார்னெட் மணிகள்தான் மழையோடும் ஓடையோடும் இறங்கி, உவரிப் பக்கம் கடற்கரையைச் சிவக்க வைக்கின்றன. அந்தப் பாறை வெந்து முப்பது கோடி ஆண்டுகளுக்கு மேல் ஆன பிறகுதான் முதல் டைனோசரே வருகிறது. சிவகளை அகழாய்வில் தாழிக்குள் கிடைத்த நெல்லுக்கு 3,200 வயது என்று 2021-ல் அறிவித்தபோது நாமெல்லாம் மார் தட்டினோம். இந்தக் கணக்கில் அது நேற்றுக் காலை.

எலும்புக்கு அரியலூர் போக வேண்டும். அங்கே கல்லமேட்டில் கிடைத்த ஒரு பிராணிக்கு நிலவியலாளர்கள் யாதகிரியும் அய்யாசாமியும் 1980களின் கடைசியில் புருஹத்காயோசாரஸ் என்று பெயர் வைத்தார்கள். பெரிய உடம்புக்காரன் என்று அர்த்தம். கால் எலும்பு ஒன்று மட்டும் இரண்டு மீட்டர். முதலில் ஊன் தின்னி என்றார்கள், பிறகு தழை தின்னி என்று ஆயிற்று. சரிபார்க்க இப்போது எலும்பு இல்லை. தொட்டால் உதிரும் பதத்தில் இருந்தது, உதிர்ந்தே போயிற்று. கோடிக்கணக்கான ஆண்டு மண்ணுக்குள் தாங்கியது, வெளியே வந்த பிறகு தாங்கவில்லை. எனக்கு இது இன்னும் ஆறவில்லை.

செத்ததைப் பார்க்கத்தான் அரியலூர். பிழைத்துக் கிடப்பதைப் பார்க்க நெல்லை டவுன் ரத வீதி போதும். நாட்டு மருந்துக் கடையில் மதனகாமப்பூ என்று கேளுங்கள். சென்ற வாரம் நானும் கேட்டேன். கடைக்காரர் டப்பாவுக்குள் கைவிட்டு ஒரு பிடி எடுத்துக் காகிதத்தில் கொட்டினார். காய்ந்த பழுப்புச் செதில்கள், ஆப்பு வடிவம், நுனியில் முள். திருப்பினால் அடிப்பக்கம் முழுக்கக் கேழ்வரகு ஒட்டினாற்போல் பொடிப்பொடியாய் மகரந்தப் பைகள்.

பூ என்று பெயரே தவிர, பூ இல்லை. சைகஸ் என்ற மரத்தின் ஆண் கூம்பு அது. மரம் பார்க்கக் குட்டிப் பனையும் ஈச்சையும் கலந்த மாதிரி இருக்கும். மேற்கு மலைச் சரிவுகளில் வளரும். உலகத்தில் பூ என்ற ஒன்றே மலராத காலத்தில் தோன்றிய குலம்.

அந்தக் குலம் கடந்து வந்ததைப் பேரனுக்குச் சொல்லுங்கள். 25.2 கோடி ஆண்டுகளுக்கு முன் சைபீரியாவில் எரிமலைக் குழம்பு பொங்கியது. கடல் உயிரினங்களில் பத்தில் ஒன்பது வகை அழிந்தது, இது பிழைத்தது. 20.1 கோடியில் இன்னொரு பேரழிவு. 6.6 கோடியில் மெக்சிகோவில் விண்கல் விழுந்தது. அதே காலத்தில் தக்காணத்திலும் எரிமலைக் குழம்பு ஓடிக்கொண்டிருந்தது. நம் நிலம் அப்போது இந்தியப் பெருங்கடலில் மிதந்து வந்த ஒரு தீவு. பறவைகள் நீங்கலாக டைனோசர்கள் அத்தனையும் போயின, இது போகவில்லை. இன்றைய சைகஸ் இனங்கள் பிரிந்து ஒரு கோடிச் சொச்சம் ஆண்டுதான் ஆகிறது என்று மரபணு ஆய்வு சொல்கிறது. குலம் பழையது, பிள்ளைகள் புதியவர்கள்.

இதே போல் பழைய குலத்துத் தவளை ஒன்றும் நம் மலைகளில் உண்டு. வருடம் முழுக்க மண்ணுக்குள் இருந்துவிட்டு மழைக்கு மட்டும் வெளியே வரும். அதன் நெருங்கிய சொந்தம் இருப்பது செஷல்ஸ் தீவில். அந்தக் குலத்தில் ஸ்ரீவில்லிபுத்தூர் மலையில் கண்டெடுத்த இனத்துக்கு, 2014-ல் அகத்தியமலையில் ஆய்வுக்குப் போன இடத்தில் உயிர்விட்ட விஞ்ஞானி பூபதியின் பெயரை 2017-ல் வைத்தார்கள். அதைப் பற்றித் தனியாக எழுத வேண்டும்.

மருந்துக் கடைக்கு வருவோம். கடைக்காரரிடம் மதனகாமப்பூ வரத்து எப்படி என்றேன். "முந்தி மூட்டையா வரும் அண்ணாச்சி. இப்ப சொல்லி வச்சாலும் வரமாட்டேங்கு." வராதுதான். மகரந்தம் உதிருமுன் ஆண் கூம்பை அறுத்துவிட்டால் பெண் மரத்தில் விதை எப்படிப் பிடிக்கும்? இந்தச் சைகஸ் இனம் இன்று உலகச் சிவப்புப் பட்டியலில், அருகிவரும் வரிசையில் இருக்கிறது. இதை எழுதுகிற நானும் ஐம்பது கிராம் வாங்கித்தான் வந்தேன்.

அதில் நாலு செதிலை உறையில் போட்டுச் சேரன்மகாதேவிக்கு அனுப்பியிருக்கிறேன், பேரன் கையில் கொடுங்கள். இதற்கு ஏன் இந்தப் பெயர் என்று அவன் கேட்டால், அந்தப் பதில் தாத்தாவின் பொறுப்பு.

அன்புடன்,
ஆசிரியர்