நேயர் விரும்பவில்லை என்பது யார் போட்ட கணக்கு?



தமிழ் வானொலி ஒன்றில் ஞாயிறுதோறும் காலை ஒன்பது மணிக்கு மரபிசை நிகழ்ச்சி ஒன்று ஒலியேறி வந்தது. ஒரு மணி நேரம் வாய்ப்பாட்டு, வீணை, குழல், நாகசுரம் என்று மாறி மாறி வரும். எந்த வானொலி என்பதை இங்கு நான் சொல்லப்போவதில்லை. சொன்னால் பேச்சு அந்த நிலையத்தோடு நின்றுவிடும். முதலில் அந்நிகழ்ச்சி இரவு பதினொரு மணிக்கு நகர்த்தப்பட்டது. பிறகு அரை மணி நேரமாகச் சுருங்கியது. பின்னர் ஒரு ஞாயிறு இரவு, அந்நேரத்தில் திரைப்பாடல் ஒலித்தது. முன்னறிவிப்பும் இல்லை, விளக்கமும் இல்லை.

பொறுக்கமாட்டாமல் நிலையத்திற்குத் தொலைபேசியில் அழைத்தேன். மறுமுனையில் பேசியவர் மரியாதையாகவே பேசினார்.

"நேயர்கள் விரும்பவில்லை, டீச்சர்."

"அது உங்களுக்கு எப்படித் தெரிந்தது?"

"நேரத்தை மாற்றியபோது ஒருவரும் கேட்கவில்லை. பாதியாகக் குறைத்தபோதும் கேட்கவில்லை. இப்போது நிறுத்திய பிறகுதான் நீங்கள் அழைக்கிறீர்கள்."

எனக்கு மறுமொழி வரவில்லை. நேரத்தை மாற்றியபோது நானும் வாய் திறக்கவில்லையே! ஆசிரியர் ஓய்வறையில் முணுமுணுத்தேன், வீட்டில் குறைபட்டுக்கொண்டேன். நிலையத்திற்கு ஒரு வரியும் எழுதவில்லை. ஆகவே, இக்கட்டுரை வானொலியாரை நோக்கி எழுதப்படுவதைப் போலவே என்னையும் உங்களையும் நோக்கியும் எழுதப்படுகிறது.

கை தூக்கச் சொல்லி எண்ணுவதா நேயர் கருத்து?

வகுப்பில், "இன்று கணிதம் வேண்டுமா, திடலுக்குப் போக வேண்டுமா?" என்று கேட்டுக் கை தூக்கச் சொன்னால் விடை என்னவாக இருக்கும் என்பது ஆசிரியர் அனைவருக்கும் தெரியும். அந்த எண்ணிக்கையைக் கொண்டு கணிதப் பாடத்தை இரவு பதினொரு மணிக்கு மாற்றிவிட்டு, பின்பு "மாணவர் வருகை குறைந்துவிட்டது" என்று பாடத்தையே நீக்கினால் நம்மைப் பற்றி என்ன சொல்வார்கள்? மரபிசை நிகழ்ச்சிகளுக்கு நடந்தது இதுதான். யாரும் கேட்கமுடியாத நேரத்தில் வைத்தது நிலையம். பிறகு யாரும் கேட்கவில்லை என்று தீர்ப்பு எழுதியதும் அதே நிலையம்.

நேயர் கருத்து வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நேயரை மதிக்காமல் மரபிசையைத் திணித்தால் என்ன ஆகும் என்பதற்கும் வரலாற்றில் சான்று இருக்கிறது. அதையும் மறைக்காமல் பேசுவோம்.

அமைச்சர் பூட்டிய கதவு

1952ஆம் ஆண்டு இந்தியாவின் தகவல் ஒலிபரப்பு அமைச்சராகப் பொறுப்பேற்றவர் பி.வி. கேஸ்கர். 1962 வரை அவர் அப்பொறுப்பில் இருந்தார். மரபிசையின்மீது பெரும் பற்றுடையவர். 1952 ஜூலை 20இல் அகில இந்திய வானொலியின் தேசிய இசை நிகழ்ச்சி தொடங்கியது. 1954இல் வானொலி இசை மாநாடுகள் தொடங்கின. செம்மங்குடி சீனிவாச ஐயர் 1957 முதல் 1960 வரை சென்னை வானொலியில் கருநாடக இசையின் தலைமைத் தயாரிப்பாளராகப் பணியாற்றினார். சபாக்களுக்கு நுழைவுச்சீட்டு வாங்க வசதியில்லாத சிற்றூர் மக்களின் வீட்டுத் திண்ணைவரை பெருங்கலைஞர்களின் பாட்டைக் கொண்டு சேர்த்தது வானொலி. இந்த நன்மையை மறுப்பது நன்றி மறத்தலாகும்.

ஆனால் அதே அமைச்சர் திரைப்பாடலைத் தரம் தாழ்ந்தது என்று கருதினார். அதன் நேரத்தைக் குறைத்தார். படத்தின் பெயரை அறிவிப்பதும் நிறுத்தப்பட்டது. தயாரிப்பாளர்களோடு பிணக்கு முற்றி, அகில இந்திய வானொலியில் திரைப்பாடல் ஏறத்தாழ மறைந்தே போனது. நேயர்கள் என்ன செய்தார்கள்? வானொலிப் பெட்டியின் முள்ளைத் திருப்பினார்கள். கொழும்பிலிருந்து ஒலித்த இலங்கை வானொலி அவர்களை வரவேற்றது. அமீன் சயானி தொகுத்தளித்த 'பினாகா கீத்மாலா' 1952ஆம் ஆண்டின் இறுதியில் தொடங்கி, இந்தியா முழுவதும் நேயர்களைக் கட்டிப்போட்டது. இலங்கை வானொலியின் தமிழ் ஒலிபரப்பும் தமிழ்நாட்டு வீடுகளில் குடிபுகுந்தது. இறுதியில் 1957 அக்டோபர் 3ஆம் நாள், மக்கள் விரும்பும் பாடல்களுக்காக 'விவித் பாரதி' என்னும் ஒலிபரப்பை அகில இந்திய வானொலியே தொடங்க வேண்டியதாயிற்று.

திடலுக்குப் பூட்டுப் போட்ட தலைமையாசிரியரின் கதை இது. மாணவர்கள் வேலியேறிக் குதித்துப் பக்கத்துத் திடலுக்குப் போய்விட்டார்கள்!

அன்று அமைச்சர், "உங்களுக்கு எது நல்லது என்று எனக்குத் தெரியும்" என்றார். இன்று நிகழ்ச்சி நிருவாகி, "உங்களுக்கு எது பிடிக்கும் என்று எனக்குத் தெரியும்" என்கிறார். இருவரும் நேயரிடம் கேட்கவில்லை. இதுவே என் குற்றச்சாட்டு.

கேட்டுப் பெற்ற நேயர்கள்

நேயர் வாய் திறந்தால் மட்டும் ஏதாவது மாறுமா என்று சிலர் கேட்கலாம். நம் இனத்தின் வரலாறே அதற்கு விடை சொல்கிறது. 1941இல் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழிசை மாநாடு நடைபெற்றது. 1943இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் தோன்றியது. அண்ணாமலை செட்டியார் பொருளும் உழைப்பும் தந்தார். கல்கி தம் எழுத்தால் துணை நின்றார். கச்சேரி மேடைகளில் தமிழ்ப் பாடல்கள் கடைசியில் பாடப்படும் துக்கடாக்களாக இருக்கலாகாது, வானொலியிலும் அவற்றிற்கு உரிய இடம் வேண்டும் என்று அவ்வியக்கத்தார் கேட்டார்கள். எதிர்ப்பு எழாமல் இல்லை. இசைக்கு மொழி ஏது என்று வாதிட்டார்கள். ஆயினும் கேட்டவர்கள் தளரவில்லை. முத்துத்தாண்டவரும் மாரிமுத்தாப் பிள்ளையும் அருணாசலக் கவிராயரும் கோபாலகிருஷ்ண பாரதியாரும் இயற்றிய பாடல்கள் மேடையில் நிமிர்ந்து நின்றதற்கு அந்தக் கோரிக்கைக் குரல் பெருங்காரணமாகும்.

அவர்கள் மரபிசையை நிறுத்தச் சொல்லவில்லை. எங்களுக்குப் புரியும்படி பாடுங்கள் என்றார்கள். "மரபிசை நமக்குப் புரியாது, அது ஒரு சாராரின் உடைமை" என்று சொல்லி நிகழ்ச்சியையே நீக்குவோருக்கு இதைவிடச் சிறந்த மறுமொழி இல்லை. புரியவில்லையென்றால் விளக்கிச் சொல்லுங்கள். தமிழில் பாடியவற்றை மிகுதியாக ஒலியேற்றுங்கள். தேவாரப் பண்களைக் கொடுங்கள். நிகழ்ச்சியை ஏன் கொல்கிறீர்கள்?

தமிழருக்கு வெளியிலும் ஒரு சான்று உண்டு. இங்கிலாந்தில் பிபிசி நிறுவனம் 1946இல் உயர்கலைகளுக்கென்றே 'மூன்றாம் ஒலிபரப்பு' ஒன்றைத் தொடங்கியது. 1957இல் அதன் நேரத்தை வாரத்திற்கு ஏறத்தாழ 40 மணியிலிருந்து 24 மணியாகக் குறைக்க முடிவு செய்தது. கேட்போர் தொகை சிறிது என்பது அங்கும் பேசப்பட்ட காரணம். நேயர்கள் ஒரு சங்கம் அமைத்து எதிர்த்தார்கள். கவிஞர் டி.எஸ். எலியட், இசையமைப்பாளர் ரால்ஃப் வான் வில்லியம்ஸ் போன்றோர் அவர்களுக்குத் துணை நின்றார்கள். குறைப்பு நிறைவேறியது, உண்மைதான். ஆனால் ஓசையின்றி நிறைவேறவில்லை. முடிவெடுத்தவர்கள் பொதுமக்கள் முன்னிலையில் காரணம் சொல்ல நேர்ந்தது. நம் நிகழ்ச்சி மறைந்தபோது காரணம் சொல்ல வேண்டிய தேவையே யாருக்கும் எழவில்லை. அதுதான் வேறுபாடு.

"இணையத்தில்தான் எல்லாம் இருக்கிறதே!"

ஓய்வறையில் இதைப் பேசியபோது இளைய ஆசிரியர் ஒருவர் இவ்வாறு கூறினார். இருக்கிறது, மறுக்கவில்லை. இந்தியாவின் பிரசார் பாரதி 2016 சனவரி 26இல் 'ராகம்' என்னும் முழுநேர மரபிசை ஒலிபரப்பையே தொடங்கியது. யூடியூப்பில் பழைய கச்சேரிகள் கொட்டிக் கிடக்கின்றன.

ஆனால் தேடுவதற்குப் பெயர் தெரிய வேண்டும். நாகசுரம் என்ற சொல்லையே அறியாத பத்து வயதுப் பிள்ளை எதைத் தட்டச்சு செய்து தேடும்? இணையம் நாம் முன்பு கேட்டதைப் போன்ற ஒன்றையே மீண்டும் மீண்டும் எடுத்து நீட்டுகிறது. தேடாத ஒன்றைக் காதில் போடுவது வானொலியின் தனிச்சிறப்பு. அம்மா தோசை சுடும்போது, அப்பா கார் கழுவும்போது, பிள்ளை வேறெதையோ செய்துகொண்டிருக்கும்போது, அழைக்காமலே இசை வந்து சேர்கிறது. எனக்கு அப்படித்தான் வந்து சேர்ந்தது. என் பெற்றோர் சங்கீதம் கற்றவர்கள் அல்லர்.

அண்மையில் நான்காம் ஆண்டு மாணவர்களுக்கு நாகசுர ஒலிப்பதிவு ஒன்றைப் போட்டுக் காட்டினேன். "டீச்சர், இது கோயில் பாட்டா, கல்யாணப் பாட்டா?" என்று ஒரு மாணவன் கேட்டான். பலரின் பேச்சுக்கும் சாப்பாட்டு ஓசைக்கும் இடையில்தான் அவன் அதைக் கேட்டிருக்கிறான். முழுதும் அமைதியாக அமர்ந்து கேட்டது அன்றுதான் முதன்முறை. பாடம் முடிந்ததும் மேசையருகே வந்து, "இதை மறுபடியும் எப்போது கேட்கலாம்?" என்றான்.

முன்பாக இருந்திருந்தால் "ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு வானொலியைத் திற" என்று சொல்லியிருப்பேன். இப்போது என்ன சொல்வது? வானொலியார் போட்ட கணக்கில் அந்தப் பையன் இல்லை. அவன் தொலைபேசியில் அழைக்கவும் மாட்டான். கருத்தாய்வுப் படிவம் நிரப்பவும் மாட்டான். அவனுக்காகப் பேச வேண்டியவர்கள் நாம்.

வானொலியாருக்கு மூன்று கோரிக்கைகள்

1. ஒரு நிகழ்ச்சியை மாற்றவோ நீக்கவோ எண்ணினால் ஒரு மாதத்திற்கு முன்னரே அந்நிகழ்ச்சியிலேயே அறிவியுங்கள். நேயர் கருத்தைக் கேளுங்கள். பின்னர் முடிவையும் காரணத்தையும் சொல்லுங்கள்.

2. வாரத்தில் அரை மணி நேரமேனும் பிள்ளைகள் விழித்திருக்கும் நேரத்தில் கொடுங்கள். இரவு பதினொரு மணிக்கு இரண்டு மணி நேரம் கொடுப்பதைவிட அது மேலானது.

3. இராகத்தின் பெயரையும் தாளத்தின் பெயரையும் மட்டும் படித்துவிட்டு நகராதீர்கள். பாடலில் எதைக் கவனிக்க வேண்டும் என்று இரண்டு நிமிடம் எளிய தமிழில் சொல்லுங்கள். அந்த இரண்டு நிமிடமே புதிய நேயரை உருவாக்கும்.

நமக்கு ஒரு கடமை

இரசிகர்கள் எனப்படுவோரிடமும் ஒரு சொல். திரைப்பாடலைப் பழித்துக் கடிதம் எழுதாதீர்கள். கேஸ்கர் செய்த பிழையை நாம் மறுபடியும் செய்ய வேண்டா. நமக்கு வேண்டியது ஓர் இடம். பிறர் இடத்தைப் பறிப்பதன்று. குறை சொல்ல மட்டும் எழுதுவதும் போதாது. நல்ல நிகழ்ச்சி ஒன்றைக் கேட்டால், எந்த நாள், எந்தப் பாடல், ஏன் பிடித்தது என்று நான்கு வரி எழுதுங்கள். தயாரிப்பாளர் தம் மேலதிகாரியிடம் எடுத்துக் காட்ட அவருக்கும் ஒரு சான்று வேண்டுமல்லவா?

ஆசிரியர்களே, கட்டுரைப் பாடத்தில் அலுவல் கடிதம் சொல்லித் தருகிறோம். ஆண்டுதோறும் மாணவர்கள் இல்லாத கழகத்தின் செயலாளராக இருந்து, போகாத சுற்றுலாவிற்கு அனுமதி கேட்டு, அனுப்பாத கடிதத்தை எழுதுகிறார்கள். இம்முறை உண்மையான கடிதம் எழுதச் செய்வோமே! வகுப்பில் ஒரு பாடலைக் கேட்கட்டும். பிடித்திருந்தால் பிடித்தது என்றும், பிடிக்கவில்லை என்றால் ஏன் என்றும் வானொலி நிலையத்திற்கு எழுதட்டும். நாம் எழுதித் தந்து அவர்கள் படியெடுப்பதாக இருக்கக்கூடாது; அவர்கள் கருத்தாகவே இருக்கட்டும். உறையிலிட்டு, அஞ்சல் தலை ஒட்டி அனுப்புவோம். யூ.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் நீக்கப்பட்டுவிட்டது. ஆகவே, "இது தேர்வுக்கு வருமா?" என்று கேட்டு நம்மைத் தடுப்பாரும் இல்லை.

பெற்றோர்களே, பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் பேச எத்தனையோ செய்திகள் இருக்கின்றன என்பதை அறிவேன். இதற்கு ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள். சங்கத்தின் பெயரில் ஒரு கடிதம் போகட்டும்.

நான் என் கடிதத்தை நேற்றிரவு எழுதி முடித்தேன். அந்த மாணவன் கேட்ட கேள்வியை அவன் பெயரில்லாமல் அப்படியே அதில் எழுதியிருக்கிறேன். நாளை காலை அஞ்சலில் சேர்த்துவிடுவேன். காலந்தாழ்ந்த கடிதம்தான். ஆயினும், "யாரும் கேட்கவில்லை" என்று இனி அந்த நிலையத்தார் சொல்ல முடியாது.

உங்கள் கடிதம் எப்போது?

அன்புடன்,
ஒரு தமிழ்ப்பள்ளி ஆசிரியை