'நாமெல்லாம் ஒரே குடும்பம்' சரி... டீச்சரின் நலன்?

காலை ஜெபம், ஆசிரியர் தின விழா, டிசம்பரில் குடில், கேக். கத்தோலிக்கப் பெண்கள் பள்ளிகளில் சிஸ்டர்கள், டீச்சர்கள், மாணவிகள் மதம் பார்க்காமல் குடும்பம்போலப் பழகுவது உண்மைதான். ஆனால், குடும்பம் என்ற சொல்லே சில சமயம் கேள்வி கேட்க விடாத பூட்டாகவும் ஆகிவிடுகிறது.

ஒரே ஸ்டாஃப் ரூம், இரண்டு சம்பளம்

தமிழ்நாட்டில் அரசு உதவிபெறும் பள்ளிகளில், அனுமதிக்கப்பட்ட பணியிடங்களுக்கு அரசு சம்பளம் தருகிறது. அதே வளாகத்தின் சுயநிதிப் பிரிவில் இருப்பவருக்கு நிர்வாகம் தருவதுதான் சம்பளம். திருத்தும் நோட்டு ஒன்றுதான். மாதக் கடைசி மட்டும் வேற.

'இது சேவைதானே?'

சிஸ்டர்கள் விரும்பி வறுமை வார்த்தைப்பாடு கொடுத்தவர்கள். டீச்சர் அப்படி எதுவும் கொடுக்கவில்லை. அவருக்கு வீட்டு வாடகை இருக்கு, இ.எம்.ஐ. இருக்கு. உழைப்பவருக்கு நியாயமான கூலி வேண்டும் என்பது திருச்சபைக்குப் புதுசும் இல்லை. போப் 13-ம் லியோ 1891-லேயே 'ரேரும் நோவாரும்' சுற்றுமடலில் வலியுறுத்தியதுதான்.

நேரமும் சம்பளம்தான்

2009-ம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், ஆசிரியருக்கு வாரம் 45 மணி நேரம் என்கிறது. பாடத் தயாரிப்பும் அதில் அடக்கம். சிறுபான்மைப் பள்ளிகளுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என 2014-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சட்டம் கட்டாயப்படுத்தாவிட்டால் என்ன? தயாரிப்பும் வேலைதான் என்ற நியாயம் மாறிவிடாதே.

செய்ய வேண்டியது பெரிய விஷயமில்லை. மே மாதமும் சம்பளம், இரவில் வாட்ஸ்அப் வேலைக்கு விடுமுறை, பயமில்லாமல் குறை சொல்ல ஓர் இடம். இதெல்லாம் இருந்தால், 'குடும்பம்' என்று டீச்சர்களே சொல்வார்கள்.