நம் கழியின் வெள்ளை இறால்



பழவேற்காட்டு மீனவர்கள் முறைவைத்து மீன்பிடிக்கும் பாடு முறையைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தோம். அதைப் படித்துவிட்டு, காட்டூரிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "ஏரி நம்முடையது, வெள்ளை இறாலும் நம்முடையது. அப்புறம் எதற்கு ஐயா, பண்ணைக்காரர்கள் அமெரிக்காவிலிருந்து வந்த தாய் இறாலின் குஞ்சை வாங்கி விடுகிறார்கள்?" இந்த மாதப் பக்கம் முழுவதையும் இந்தக் கேள்விக்கே கொடுத்துவிடலாம்.

வாசகர் சொல்லும் அந்த அமெரிக்க இறாலின் பெயர் வனாமி. மெக்சிகோவிலிருந்து பெரு வரையிலான பசிபிக் கரைதான் அதற்குப் பூர்வீகம். அது வருவதற்கு முன், 1990களில் நம் கரையோரக் குட்டைகளில் இருந்தது டைகர் இறால். கடலில் பிடித்த தாயைக் கொண்டுவந்துதான் ஹேச்சரியில் முட்டையிட வைத்தார்கள். 1994-95இல் வெண்புள்ளி நோய் வந்தது. தாயின் உடம்பில் இருந்த வைரஸ் குஞ்சோடு சேர்ந்து குட்டைக்கும் போனது. பத்து நாளுக்குள் ஒரு குட்டையையே காலி செய்துவிடும் நோய் அது.

தாயைக் கடலில் தேடாமல் கரையிலேயே தலைமுறை தலைமுறையாக வளர்த்தால் இந்தச் சங்கிலி அறுபடும். ஹவாயில் உள்ள ஓஷியானிக் இன்ஸ்டிடியூட் வனாமியில் இதைச் செய்துகாட்டியது. 2009இல் நம் நாட்டில் வனாமி வளர்க்க அனுமதி கிடைத்தது. வரும் தாய் இறால்களை நிறுத்திவைத்துச் சோதிக்க நீலாங்கரையில் தனிமைப்படுத்தும் நிலையம் அமைந்தது. 2023-24இல் இந்தியா ஏற்றுமதி செய்த உறைந்த இறால் 7,16,004 டன். மதிப்பு 40,013 கோடி ரூபாய். அதில் பெரும் பங்கு வனாமியுடையது.

பண்ணை வைத்திருக்கும் வாசகர்களுக்கு ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். இப்படிக் கரையில் வளர்த்த தாயின் 'எஸ்.பி.எஃப். குஞ்சு' என்றால் நோயை எதிர்க்கும் குஞ்சு என்று பலர் நம்புகிறார்கள். அப்படி இல்லை. பட்டியலில் உள்ள சில கிருமிகள் அதன் தாயிடம் இல்லை என்று சோதித்திருக்கிறார்கள், அவ்வளவுதான். குட்டைத் தண்ணீரில் வைரஸ் இருந்தால் அந்தக் குஞ்சும் சாகும். சுத்தம் என்பது வளர்த்த இடத்தைப் பொறுத்தது; எதிர்ப்பு என்பது பரம்பரையைப் பொறுத்தது.

அந்தப் பரம்பரையை மாற்றுவதுதான் இனவிருத்தி ஆய்வு. ஒரே தாய் தகப்பனுக்குப் பிறந்த குஞ்சுகளை ஒரு குடும்பமாகத் தனித் தொட்டியில் வளர்ப்பார்கள். சில கிராம் எடை வந்ததும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு நிறம் என்று, வால் பகுதிச் சதையில் வண்ணப் பசையை ஊசியால் ஏற்றுவார்கள். இறால் சட்டை உரிக்கும் பிராணி. மேலே எதைக் கட்டினாலும் உரிந்து போய்விடும் என்பதால்தான் சதைக்குள் இந்த அடையாளம். பிறகு எல்லாக் குடும்பங்களையும் ஒரே குட்டையில் கலந்து விட்டு, அறுவடையில் எந்தக் குடும்பம் எடை போட்டது, எது பிழைத்தது என்று கணக்கெடுத்து, தேறியவற்றை அடுத்த தலைமுறைக்குத் தாய் தகப்பன் ஆக்குவார்கள். ஆண்டுதோறும் இதையே திரும்பச் செய்ய வேண்டும். நடுவில் ஒரு முறை நோய் புகுந்தால் பல ஆண்டு உழைப்பு போய்விடும்.

எல்லா நல்ல குணமும் ஒரே இறாலில் சேராது என்பதும் இதில் தெரியவந்தது. ஹவாய் ஆய்வாளர்கள் 2002இல் வெளியிட்ட முடிவு இது: வளர்ச்சிக்காக மட்டும் தேர்ந்தெடுத்த வரிசை ஒரே தலைமுறையில் 21 சதவீதம் கூடுதல் எடை போட்டது. டாரா என்ற வைரஸ் நோயைத் தாங்குவதற்கு முதலிடம் கொடுத்துத் தேர்ந்தெடுத்த வரிசையில் பிழைப்பு 18 சதவீதம் உயர்ந்தது. ஆனால் உருவம் கொஞ்சம் சிறுத்தது. வெண்புள்ளி விஷயத்தில் நிலைமை இன்னும் கடினம். கொலம்பியாவில் செய்த ஆய்வுகளில், அந்த நோயைத் தாங்கும் திறன் பெற்றோரிடமிருந்து குஞ்சுக்கு மிகக் குறைவாகவே இறங்குவது தெரிந்தது.

ஈக்வடார் வேறு வழியில் போனது. 1999இல் அங்கே வெண்புள்ளி தாக்கியபின், குட்டையில் பிழைத்து எழுந்த இறால்களையே தாயாக்கி, நெருக்கம் குறைத்து வளர்த்தார்கள். இன்று உலகிலேயே அதிக இறால் ஏற்றுமதி செய்யும் நாடு அது. ஆனால் அவர்கள் கையில் இருந்தது அவர்கள் கடலின் சொந்த இறால். நமக்கு வனாமி இரவல். தாய்க்காக ஒவ்வோர் ஆண்டும் வெளிநாட்டு நிறுவனங்களின் வாசலில் நிற்கிறோம். குட்டையில் வளர்ந்த வனாமியையே தாயாக்கிச் செலவை மிச்சப்படுத்தலாம் என்றால், உடன்பிறந்தவை தங்களுக்குள் சேர்ந்து வளர்ச்சி குன்றிப்போகும்.

இந்த இடத்தில்தான் காட்டூர் வாசகர் கேட்ட வெள்ளை இறால் வருகிறது. சென்னை சாந்தோம் நெடுஞ்சாலையில் தலைமையகம் கொண்ட மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனத்தில் — சிபா என்றால் எல்லோருக்கும் தெரியும் — இந்திய வெள்ளை இறாலின் மரபணு மேம்பாட்டுத் திட்டம் 2023 பிப்ரவரியில் தொடங்கிவைக்கப்பட்டது. முதல் கட்டத்துக்கு 25 கோடி ரூபாய். அதற்கு முந்தைய ஆண்டே இந்த இறாலின் மரபணுத் தொகுப்பைப் படித்து வெளியிட்டிருந்தார்கள். சுமார் 193 கோடி எழுத்துகள் கொண்ட தொகுப்பு அது. ஒரே துண்டு திரும்பத் திரும்ப வருவதால் இறால் இனங்களின் தொகுப்பைக் கோத்து முடிப்பது எளிதல்ல.

வெள்ளை இறால் வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்ல மாட்டேன். சவூதி அரேபியா செங்கடல் கரையில் இதே இறாலைப் பெரிய அளவில் வளர்த்து, 2010 வாக்கில் வெண்புள்ளி தாக்கியபின் வனாமிக்கு மாறியது. வனாமியில் முப்பது ஆண்டுக்கு மேல் தேர்வு நடந்திருக்கிறது. நாம் இப்போதுதான் முதல் படியில் இருக்கிறோம். வேறொரு கவலையும் உண்டு. பண்ணையிலிருந்து தப்பும் வனாமி வேற்றினம்; நம் இறாலோடு இனம் கலக்காது. ஆனால் தேர்ந்தெடுத்து வளர்த்த வெள்ளை இறால் தப்பினால் ஏரியில் உள்ள காட்டு இறாலோடு கலக்கும். குட்டைத் தண்ணீரை வடிகட்டாமல் கழியில் விடும் பண்ணையை அனுமதிக்கவே கூடாது.

இத்தனையும் சொல்வதற்குக் காரணம், தேர்வு என்றால் முதலில் தேர்ந்தெடுக்க விதவிதமான இறால் வேண்டும். விதை நெல்லே இல்லாதவன் நல்ல நெல்லைப் பிரித்தெடுக்க முடியாது. வெள்ளை இறால் கடலில் முட்டையிடுகிறது. குஞ்சு முகத்துவாரம் வழியாகக் கழிக்குள் வந்து வளர்ந்து, மறுபடி கடலுக்குத் திரும்புகிறது. அந்தக் கழி பழவேற்காடு. அந்தக் கழி எண்ணூர்.  எண்ணூர்க் கழியில் சாம்பல் படிந்து ஆழம் குறைந்ததையும், 2023 டிசம்பர் வெள்ளத்தில் கொசஸ்தலையாற்றில் எண்ணெய் படர்ந்ததையும் நாம் கண்ணால் பார்த்தோம். சேற்றில் கையால் தடவி இறால் பிடித்து, பல்லில் கடித்த பறியில் போடும் இருளர் பெண்களுக்கு அன்றைக்குப் போனது அன்றாடப் பிழைப்பு. கூடவே போனது, நாளைக்கு ஆய்வுக்கூடம் தேடக்கூடிய குணங்கள். உவர்ப்பு ஏறினாலும் வெயில் ஏறினாலும் தாங்கும் ஓர் இறால் அந்தச் சேற்றில் இருந்திருக்கலாம். 25 கோடியில் ஆய்வு நடத்தும் அரசு, அதே அக்கறையோடு கழியையும் தூர்வாரி முகத்துவாரத்தைத் திறந்துவைக்க வேண்டும். இரண்டும் ஒரே வேலை என்றுதான் நான் நினைக்கிறேன்.

பொன்னேரியில் நமக்கு ஒரு மீன்வளக் கல்லூரி இருக்கிறது. அதில் படிக்கும் பிள்ளைகளும், கழியில் வலை போடுகிறவர்களும், குட்டை வைத்திருப்பவர்களும் எங்களுக்கு எழுதுங்கள். உங்கள் பக்கத்துத் துறையில் வெள்ளைக் குஞ்சு எந்த மாதம் ஏறுகிறது, முன்பு எந்த மாதம் ஏறியது, எந்த இடத்தில் நின்றே போனது என்று ஒரு பக்கம் எழுதினால் போதும். எழுத வராதவர்கள் சொல்லுங்கள், வந்து கேட்டு எழுதிக்கொள்கிறோம். வருவதைத் தொகுத்து இதழில் போடுவதோடு, சிபாவுக்கும் பொன்னேரிக் கல்லூரிக்கும் ஒவ்வொரு பிரதி அனுப்பிவைக்கிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்