ஆணியும் பலகையும் நம் கைக்கும் உரியவை



மேசை, நாற்காலி, கட்டில் என்றதும் நம் நினைவுக்கு வருவது கடையும் அதன் விலைச்சீட்டுமே. தேக்கு என்றால் மதிப்பு. வேலைப்பாடு மிகுந்தால் அந்தஸ்து. பார்த்தவர் வியந்துவிட்டால் வாங்கியதன் பயன் நிறைவேறிற்று! மகளின் திருமணத்திற்குக் கட்டிலும் பீரோவும் வாங்கக் கடன்பட்ட தந்தையர் எத்தனை பேர்! அதே வீட்டில் கடைக்குட்டி தரையில் குப்புறப் படுத்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருப்பான். நாலு பலகையும் ஒரு பிடி ஆணியும் இருந்தால் தீர்ந்துவிடக்கூடிய குறை அது. அதைத் தீர்க்க அக்காளின் கையே போதும். அந்தக் கையில் ஊசியைக் கொடுத்த நாம் சுத்தியலைக் கொடுக்க மட்டும் ஏனோ தயங்குகிறோம்.

மலிவுப் பலகையில் செய்தது மட்டமானது என்னும் எண்ணம் நம்மிடம் வேரூன்றி இருக்கிறது. ஆனால் ஐரோப்பாவில் பெரும்புகழ் பெற்ற வடிவமைப்பாளர்களே அத்தகைய பலகையைத் தேடிப் போயிருக்கிறார்கள். ஹாலந்து நாட்டின் உட்ரெக்ட் நகரில் தச்சர் ஒருவரின் மகனாகப் பிறந்தவர் கெரிட் ரீட்வெல்ட். உலகமே பொருளாதார மந்தத்தில் தவித்த 1934-ஆம் ஆண்டில் அவர் பெட்டி அடிக்கும் சாதாரணப் பலகைகளைக் கொண்டு நாற்காலியும் மேசையும் அமைத்தார். அவை பிரித்த துண்டுகளாகவே விற்கப்பட்டன. வாங்கியவர் தம் வீட்டில் தாமே பூட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

அவரையும் விஞ்சியவர் இத்தாலி நாட்டு என்ஸோ மாரி (1932–2020). 1974-இல் மிலான் நகரில் அவர் ஒரு கண்காட்சி வைத்தார். மேசை, நாற்காலி, கட்டில், அலமாரி எனப் பத்தொன்பது பொருள்கள். எல்லாம் கடையில் கிடைக்கும் இழைத்த பலகை, ஆணி, இவை இரண்டாலேயே ஆனவை. நுணுக்கமான மூட்டு இல்லை, பசை இல்லை, மெருகு இல்லை. அவற்றின் வரைபடங்களைச் சிறு புத்தகமாக்கி, தபால் செலவை மட்டும் அனுப்பியவர்க்கெல்லாம் இலவசமாகக் கொடுத்தார்! யார் வேண்டுமானாலும் தமக்காகச் செய்துகொள்ளலாம். ஆலைகளும் வணிகர்களும் மட்டும் தொடக்கூடாது என்பது அவர் விதித்த நிபந்தனை.

அவருடைய நோக்கம் சிக்கனம் மட்டும் அன்று. தன் கையால் ஒரு நாற்காலி செய்தவர், கடையில் இருக்கும் நாற்காலியையும் வேறு கண்ணால் பார்ப்பார் என்று அவர் நம்பினார். எது அவசியம், எது வெறும் பகட்டு என்பது அவருக்குத் தெரிந்துவிடும். எனக்கு மிகவும் பிடித்த கருத்து இது.

2014-ஆம் ஆண்டளவில் பெர்லின் நகரில் இவ்வரைபடங்களுக்கு ஒரு புதுவாழ்வு கிடைத்தது. மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து கடல் கடந்து வந்த அகதி இளைஞர் சிலர், குக்குலா என்னும் பட்டறையில் மாரியின் நாற்காலிகளைச் செய்து தொழில் பழகினார்கள். வணிகர்க்கு மறுத்த உரிமையை மாரி அவர்களுக்குக் கொடுத்தார். செய்ததை விற்கவும் இசைந்தார்.

மாரியின் வரைபடத்தைப் பார்த்தால் தையல் வகுப்பில் நாம் வெட்டும் காகித மாதிரியே நினைவுக்கு வரும். ஒவ்வொரு துண்டுக்கும் ஓர் அடையாளம், ஒரு நீளம், எதனோடு எது சேரும் என்ற குறிப்பு. துணியின் நேர்நூல் பார்த்து வெட்டத் தெரிந்தவளுக்கு, மரத்தின் நரம்பு எப்பக்கம் ஓடுகிறது என்று பார்க்கக் கற்றுக்கொடுப்பது கடினமா? ஒரே நரம்பில் இரண்டு ஆணி அடித்தால் பலகை பிளக்கும். கூர்முனையைச் சற்றே மழுங்கத் தட்டிவிட்டு அடித்தால் பிளவு குறையும். மேற்பலகையின் கனத்தைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கு நீளமுள்ள ஆணி வேண்டும். அளவுகூட ரவிக்கைக்கு எடுப்பதுபோல் உடம்பிலிருந்துதான் எடுக்க வேண்டும்: பாதம் முழுவதும் தரையில் படியும்படி உட்கார்ந்தால், முழங்காலின் பின்மடிப்பு வரை உள்ள உயரமே இருக்கையின் உயரம். பெரியவர்களுக்கு அது 43 முதல் 45 சென்டிமீட்டர் வரை வரும். பத்து வயதுச் சிறுமிக்கு அது உதவாது.

கணக்கு வகுப்பும் இங்கே கைகொடுக்கும். நான்கு சமச் சட்டங்களை மூலைக்கு ஓர் ஆணியாக அடித்துச் சதுரமாக்கி, பக்கவாட்டில் தள்ளிப் பாருங்கள். அது சாய்ந்து சாய்சதுரமாகிவிடும். குறுக்கே ஒரு சட்டம் அடித்துவிட்டால் அசையாது! மூன்று பக்கங்களின் நீளம் மாறாதவரை முக்கோணத்தின் கோணங்களும் மாறா. மாரியின் மேசைகளைத் தாங்கி நிற்பவை இந்தக் குறுக்குச் சட்டங்களே.

ஓர் எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். வெளிநாட்டுச் சரக்கோடு வரும் பேலட் என்னும் மரத்தட்டுகள் பழைய சாமான் கடைகளில் மலிவாகக் கிடைக்கும். அவற்றில் ஒரு முத்திரை இருக்கும். எச்.டி. என்றிருந்தால், பூச்சி ஒழிய நடுமரம் வரை 56 டிகிரி செல்சியசில் 30 நிமிடம் சூடாக்கியது என்று பொருள். எம்.பி. என்றிருந்தால் மெத்தில் புரோமைடு என்னும் நச்சுவாயு பாய்ச்சியது; அதை வீட்டுக்குள் கொண்டுவர வேண்டாம்.

"எல்லாரும் இப்படிச் செய்துகொண்டால் தச்சர் பிழைப்பு என்னாவது?" என்று சில பெற்றோர் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் ஒரு முக்காலியை ஆட்டமின்றி நிற்க வைப்பதற்குள் தான் பட்ட பாட்டை அறிந்தவள், தச்சரின் கூலியில் பேரம் பேசுவாளா? பேசுபவர்கள் சுத்தியலைத் தொட்டறியாதவர்களே. "அழகாக இராதே" என்பாரும் உண்டு. உண்மைதான்; மாரியின் நாற்காலி முரடானது. சாய்ந்து உறங்குவதற்கு அதை நான் சிபாரிசு செய்யமாட்டேன். எழுத, படிக்க, சாப்பிட அது போதும்.

ஆகவே நம் அருட்சகோதரிகளிடமும் பெற்றோரிடமும் ஒன்று கேட்கிறேன். தையல் வகுப்பை எடுத்துவிட வேண்டாம். ஆண்டில் இரண்டு மாதம் மட்டும் அந்த நேரத்தைப் பலகைக்குக் கொடுங்கள். நால்வருக்கு ஒரு சுத்தியல், ஒரு கைரம்பம், ஒரு மூலைமட்டம், கொஞ்சம் உப்புத்தாள். பக்கத்துத் தச்சர் ஒருவருக்கு உரிய ஊதியம் கொடுத்து அழைத்தால் அவரே நல்ல ஆசிரியர். முதலில் தரையில் அமர்ந்து எழுதும் சாய்வுமேசை, பிறகு முக்காலி. பெற்றோர் தினத்தன்று பூவேலைப்பாடுகளின் பக்கத்தில் அவற்றையும் வைக்கலாம். முக்காலிகளில் மட்டும் "தொடாதீர்கள்" என்ற அட்டை வேண்டாம். வந்தவர்கள் உட்கார்ந்தே பார்க்கட்டும்.