காழ் இருக்கச் சீக்கு எதற்கு?

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையின் உருட்டாலைகளில் பழுக்கக் காய்ச்சிய இரும்பு நாள்தோறும் கம்பியாய் நீண்டு வெளிவருகின்றது. அருகே கொல்கத்தா நெடுஞ்சாலையோர உணவகங்களில், மெல்லிய இருப்புக்கம்பியிற் கோழித்துண்டுகளைக் கோத்துத் தணலிற் சுடுகின்றனர். அக்கம்பிக்குப் பெயர் என்ன? கடைக்காரர் 'சீக்கு' என்பார். ஆங்கிலம் பயின்றவர் 'இசுக்கியூவர்' என்பார். தமிழ்ப்பெயர் சொல்வாரைக் காண்டல் அரிது.

சீக்கு என்பது பாரசீகச் சொல். உருது, இந்தி வழியாக இங்கு நுழைந்தது. பாரசீகர் தம் கருவியைத் தம் சொல்லால் அழைத்தது முறையே. துருக்கியரும் சுடுகம்பியின் பெயரையே சுட்ட கறிக்கு இட்டு உலகெங்கும் பரப்பினர். தமிழ்நாட்டிலோ சீக்கு என்றால் நோய்! நோயின் பெயரை உணவுப் பலகையில் எழுதி வைத்து, அதையும் நாகரிகம் என்கின்றனர்.

இக்கருவிக்குத் தமிழில் 'காழ்' என்னும் பெயர் உண்டு. கரிகாலன் அவையில் பொருநன் உண்ட விருந்தைப் பாடும் முடத்தாமக்கண்ணியார், பொருநராற்றுப்படையில், காழிற் கோத்துச் சுட்ட கொழுத்த ஊனைக் கூறுகின்றார். அதன் சூடு தாங்காது வாயின் இருபுறமும் மாற்றி மாற்றி உண்டதையும் விடாது காட்டுகின்றார். காழ் என்பதன் வேர்ப்பொருள் வன்மை. மரத்தின் உள்வயிரம் காழ். அவ்வயிரம் உள்ளிருப்பதை மரமென்றும் புறத்திருப்பதைப் புல்லென்றும் பகுத்தது தொல்காப்பிய மரபியல். விதையும் காழ், தூணும் காழ், மணிகளைக் கோத்த வடமும் காழ். மாதவி இடையில் அணிந்த முத்துவடம் முப்பத்திரண்டு காழ் கொண்டது. வன்மை, ஊடுருவல், கோத்தல் என்று ஒரே சொல் கிளைத்த அழகை இசுக்கியூவரில் தேடினும் கிடையாது.

காழைத் தள்ளிவிட்டு நாம் 'நாராசம்' என்ற வடசொல்லைப் பிடித்துக்கொண்டோம். ஓலைச்சுவடியின் துளையிற் செருகும் கம்பிக்கும் அதுவே பெயராயிற்று; செவிக்கு இன்னாத சொல்லும் நாராசமாயிற்று.

இனி, ஆங்கிலச் சொல் வருமிடமெல்லாம் காழ் என்றே எழுதுக என்பதன்று. முருகன் அடியார் கன்னத்திற் குத்துவது அலகு. கொடியோரை ஏற்றியது கழு. வினையாக வருமிடத்துக் குத்து, கோ என்பனவே போதும். ('கோர்த்தான்' என்று எழுதுவது பிழை, கோத்தான் என்பதே சரி. இதனை ஆசிரியர் சிலரே அறியார்.)

"ழகரம் மக்கள் வாயில் நுழையாது" என்பர் சிலர். பழவேற்காட்டு மீனும் கோழியும் நாள்தோறும் விற்கும் வட்டாரத்தில் இவ்வாறு சொல்வது நகைப்புக்குரியது. கோழி என்று கூவி விற்பவர்க்குக் காழ் என்று சொல்ல நா எழாதா? காழ்க்கோழி, காழ்மீன் என்று பலகையில் எழுத, சீக்கு என்று எழுதுவதைவிட ஒரு துளி வண்ணமும் கூடுதலாகச் செலவாகாது. முதற்பலகையைக் கும்மிடிப்பூண்டிக் கடைக்காரர் ஒருவரே எழுதட்டும். கம்பி பிறக்கும் ஊரில் அதன் பெயரும் மீண்டும் பிறக்கட்டும்.